மாத்திரை கையில் இருக்கிறது, எப்படிச் சாப்பிடுவது என்று புரியவைப்பது யார் வேலை?

தாமிரபரணி_மருந்தகம்

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக இருக்கிறேன். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சமீபத்தில் ஓர் அம்மா கடைக்கு வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். "தலை கிறுகிறுன்னு வருதுப்பா, வேர்த்து ஊத்துது, ஏதாவது சத்து டானிக் குடு" என்றார். கையில் மஞ்சள் பை, அதற்குள் அவர் சாப்பிடுகிற மாத்திரை எல்லாம். எடுத்துப் பார்த்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சுகர் மாத்திரைகள், மெட்ஃபார்மின் ஓர் அட்டை, கிளிமிபிரைடு ஓர் அட்டை. கூடவே டவுனில் தனியார் டாக்டர் எழுதிய இன்னோர் அட்டை, அதில் அதே இரண்டு மருந்தும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்து வேறு பிராண்டு பெயரில் இருக்கிறது. காலையில் மூன்றையும் போட்டிருக்கிறார். கேட்டதற்கு, "அது கவர்மெண்ட் மாத்திரை, இது டாக்டர் மாத்திரை, ரெண்டும் வேற வேறதானே" என்றார். கடையில் இருந்த மெஷினில் சுகர் பார்த்தேன், 58, ரொம்பக் குறைவு. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, மகனை வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இந்த மாத்திரையால் இறங்கிய சுகர் ஏறின மாதிரி ஏறி மறுபடியும் இறங்கும், அதனால் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

அந்த அம்மா மறந்தவரும் இல்லை, ஏனோதானோ என்று இருப்பவரும் இல்லை. சொன்ன நேரத்துக்கு ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டதால்தான் இந்த நிலை. இரண்டு இடத்திலும் மருந்து கொடுத்திருக்கிறார்கள், ஆனால் "வேறு எங்கேயாவது மாத்திரை வாங்குறீங்களா, வீட்டில் இருக்கிறதைக் கொண்டு வாங்க" என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

என் கேள்வி இதுதான். வியாதி என்ன, மருந்து எதற்கு, எப்படி எடுக்க வேண்டும், எப்போது பயப்பட வேண்டும், இது நோயாளிக்குப் புரிந்ததா என்று பார்ப்பது யார் பொறுப்பு? டாக்டரா, நர்ஸா, எங்களைப் போன்றவர்களா, இல்லை நோயாளியேவா?

நெய்தல்_கரை

நல்ல பதிவுதான், ஆனால் எல்லாப் பழியையும் மருத்துவத் துறை மேல் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80 சதவீதம். கையில் போன் இல்லாத வீடு இல்லை. சீரியல் கதை முழுக்க ஞாபகம் இருக்கிறது, தான் சாப்பிடுகிற மாத்திரையின் பெயர் மட்டும் ஞாபகம் இருக்காதா? நம் உடம்பை நாம்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

செவிலி_மதுரை

நெய்தல் தம்பி, இருபது வருஷத்துக்கும் மேலாக வார்டில் நிற்கிறேன், அதனால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். எழுதப் படிக்கத் தெரிவது வேறு, ஆஸ்பத்திரியில் சொல்வது புரிவது வேறு. எங்கள் சுகர் கிளினிக்குக்கு ரிட்டயர்டு வாத்தியார் வருவார், பேங்க் மேனேஜர் வருவார். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் என்று எழுதியதைச் சரியாக வாசிப்பார்கள். இன்சுலின் போட்டுவிட்டு வாக்கிங் போய், குளித்து, பூஜை முடித்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட உட்காருவார்கள். வாசித்தது வாயில் இருக்கிறது, அவர்களுடைய காலைப் பொழுதுக்குள் அது எங்கே வருகிறது என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

2006-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது, பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொன்னார்கள். 'இரண்டு மாத்திரை, தினம் இரண்டு வேளை' என்று ஒரு லேபிள். வாசிப்புத் திறன் குறைந்த நோயாளிகளில் 10-ல் 7 பேர் அதைச் சரியாக வாசித்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எண்ணிக் காட்டுங்கள் என்றதும் 3-ல் ஒருவர்தான் சரியாகக் காட்டினார். வாசித்துக் காட்டியதை வைத்துப் புரிந்துவிட்டது என்று முடிவு கட்டினால் இப்படித்தான் ஆகும்.

அப்புறம் இன்சுலின் விஷயம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது ஊசி போட்டுக்கொண்டால் தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள். நம் ஊரில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் விற்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட், இன்னொன்று ஒரு மில்லியில் 100 யூனிட். 40 குப்பிக்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. மூடி மாறினால் கணக்கே மாறிவிடும். 100 குப்பி மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 இல்லை, 50 யூனிட். ஆளே மயங்கிவிடுவார். 40 குப்பியை ஆரஞ்சு மூடியில் 20 கோடு இழுத்தால் போவது வெறும் 8. "ஊசி போட்டும் சுகர் 300-லயே நிக்குது" என்று வருவார்கள், நாமும் டோஸை ஏற்றிவிடுவோம்.

ஒரு தாத்தாவுக்கு இப்படித்தான் நடந்தது. ஊர் மெடிக்கலில் சிவப்பு மூடி தீர்ந்துபோய் ஆரஞ்சு மூடியைக் கொடுத்துவிட்டார்கள். டோஸ் இரண்டு தடவை ஏறிவிட்டது. அட்மிட் ஆன பிறகு வார்டில் சரியான சிரிஞ்சில் போட்டதும் தடாலென்று சுகர் இறங்கிவிட்டது. அவருடைய சிரிஞ்சைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே விளங்கியது. அதிலிருந்து எங்கள் கிளினிக்கில் "எத்தனை யூனிட் போடுறீங்க" என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். "வீட்டுல போடுற மாதிரியே எனக்கு இழுத்துக் காட்டுங்க" என்கிறோம். வயிற்றையும் தொட்டுப் பார்க்கிறோம். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி தட்டியிருக்கும், அங்கே வலிக்காது என்பதால் அங்கேயே போடுவார்கள், அந்த இடத்தில் மருந்து ஒழுங்காக ஏறவே ஏறாது.

ஓபி_டாக்டர்

அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். செவிலி சிஸ்டர் சொன்ன அத்தனையும் சரி. ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். காலை ஓ.பி.யில் நூறு பேருக்கு மேல் வரிசையில் நிற்பார்கள். 2017-ல் 67 நாடுகளின் தகவலைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. ஸ்வீடனில் ஒரு நோயாளிக்கு 22 நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது, இந்தியாவில் சுமார் 2 நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் கேட்டு, தொட்டுப் பார்த்து, ரிப்போர்ட் பார்த்து, எழுதி, அப்புறம் விளக்கவும் வேண்டும்.

விளக்குவதில் எங்களுக்குப் பயிற்சியும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தரை வருஷம் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வெளியே வருகிறோம். இதய வால்வு சுருங்கியிருப்பதை ஒரு பாட்டிக்கு எப்படிச் சொல்வது என்று யாரும் கற்றுத் தரவில்லை, சீனியர் எப்படிச் சொல்கிறாரோ அதைப் பார்த்துப் பழகிக்கொள்கிறோம். "புரிஞ்சுதா?" என்று கேட்போம். "புரிஞ்சுது சார்" என்பார்கள். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நின்று புரியவில்லை என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் வாய் வராது. பின்னால் இருக்கிறவர் வேறு முண்டிக்கொண்டிருப்பார்.

இப்போது நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். புரிந்ததா என்று கேட்பதில்லை. "வீட்டுக்குப் போனதும் மருமக கேப்பாங்கல்ல, டாக்டர் என்ன சொன்னார்னு? அவங்ககிட்ட என்ன சொல்லுவீங்க, எனக்கு ஒரு தடவை சொல்லுங்க" என்கிறேன். டீச்-பேக் என்று வெளிநாட்டில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். எல்லோரிடமும் கேட்க நேரம் இல்லை. புதிதாக மருந்து தொடங்குகிறவர், டோஸ் மாறுகிறவர், இன்சுலின், வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை, இவர்களிடம் மட்டும் கட்டாயம் கேட்பேன்.

மூட்டு வாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் இருக்கிறதே, அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. நம் ஆட்களுக்கு மாத்திரை என்றாலே தினமும் என்றுதான் பழக்கம். தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி, உயிரே போகும். 'வாரம் ஒருமுறை' என்று எழுதினால் போதாது, 'ஞாயிறு மட்டும்' என்று கிழமையைத் தமிழில் எழுதி, எந்தக் கிழமை என்று அவர் வாயால் சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன்.

கோவை_சுந்தரி

டாக்டர், நீங்கள் இவ்வளவு தூரம் சொல்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் நோயாளியின் வீட்டாளாக எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது. என் மாமியாருக்கு ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆனபோது நான்கு பக்கச் சுருக்கம் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். நான் பி.காம் படித்தவள், எனக்கே அதில் பாதி விளங்கவில்லை. ஆபரேஷனில் என்ன செய்தார்கள், எந்த நூல் போட்டார்கள் என்பதெல்லாம் மூன்று பக்கம். புண்ணில் தண்ணீர் படலாமா, எப்போது நடக்கலாம், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, ஒரு வரிகூட இல்லை. கேட்டால் "அடுத்த செவ்வாய் ரிவ்யூ வாங்க" என்றார்கள். அந்தச் செவ்வாய்க்குள் வீட்டில் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் முட்டை கொடுக்கக்கூடாது சீழ் பிடிக்கும் என்றார், நாத்தனார் குளிக்கவே கூடாது என்றார், யூடியூபில் ஒருத்தர் பருப்பே ஆகாது என்கிறார். புண் ஆறப் புரதம் வேண்டும் என்று அப்புறம் வந்த டயட்டீஷியன் சொன்னார். அதற்குள் அவர் ரசம் சாதத்திலேயே வாடிப் போயிருந்தார்.

ஒப்புதல் படிவமும் அப்படித்தான். "இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து" என்று பேனாவைக் கொடுத்தார்கள். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது, என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று நோயாளி முடிவெடுக்கத் தேவையான அளவு விவரம் கொடுத்த பிறகு வாங்குவதுதான் ஒப்புதல் என்று. என் மாமியாருக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்களா, கட்டியை மட்டும் எடுத்தார்களா என்பதே வீட்டுக்கு வந்து இரண்டாவது நாள்தான் தெரியும்.

நெய்தல்_கரை

சுந்தரி அக்கா சொன்னதைப் படித்த பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், டிஸ்சார்ஜ் தாளைத் தமிழில் தராதது நோயாளியின் குற்றமில்லை. மாத்திரை அட்டையிலும் ஆங்கிலம்தான், சிலதில் ஹிந்தி இருக்கும், தமிழைப் பார்த்ததே இல்லை. இருந்தாலும் கேட்கிற பழக்கம் நமக்கு வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆட்டோவில் ஏறும் முன் எவ்வளவு என்று கேட்கிறவர்கள் டாக்டரிடம் எதற்கு இந்த மாத்திரை என்று ஏன் கேட்பதில்லை?

எம்டிஎம்_அக்கா

நெய்தல் தம்பி, கேட்டால் திட்டு விழும், அதனால்தான். நான் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலராக வீடு வீடாகப் போகிறேன். 2021 ஆகஸ்டில் திட்டம் தொடங்கியது, பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு கொடுக்கிறோம். வாசலில் உட்கார்ந்து பேசும்போதுதான் ஜனங்கள் வாயைத் திறப்பார்கள். "ஆஸ்பத்திரில கேட்டா நீ டாக்டரா நான் டாக்டரான்னு கேப்பாங்கம்மா" என்று ஒரு தாத்தா சொன்னார்.

பி.பி. மாத்திரையை முக்கால்வாசிப் பேர் நிறுத்துவதற்குக் காரணம் அலட்சியம் இல்லை. "போன தடவை பார்த்தப்ப நார்மல்னு சொல்லிட்டாங்க, சரியாயிருச்சு" என்பார்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மல் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இன்னும் சிலர் தலைவலி வந்தால் மட்டும் போடுவார்கள். இன்னொரு கூட்டம், ஒருமுறை தொடங்கினால் காலத்துக்கும் விடாது என்று பயந்து தொடங்கவே மாட்டார்கள். மாத்திரை நிறம் மாறினாலும் சந்தேகம் வந்துவிடும். ஒரு மாசம் வட்டமாக வெள்ளை, அடுத்த மாசம் நீளமாக வந்தால் "இது வேற வியாதிக்கு" என்று எடுத்து வைத்துவிடுவார்கள். அதனால் கம்பெனி மாறி வந்தால் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்து, "இதுக்குப் பதிலாத்தான் இது" என்று காட்டி, பழையதைத் தீர்த்த பிறகு இதை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன்.

டி.பி. மாத்திரையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அதில் இருக்கிற ரிஃபாம்பிசின் என்ற மருந்து செய்கிற வேலை அது, ஆபத்து ஒன்றும் இல்லை. முதல் நாளே இதைச் சொல்லாவிட்டால் ரத்தம் போகுது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது மாசம் இருமல் நின்று உடம்பு தேறியதும் நிறுத்துகிறவர்கள் தனி. ஆறு மாசமும் முடிக்காவிட்டால் மருந்துக்கு அடங்காத டி.பி.யாக மாறலாம் என்பதை வீட்டில் ஒருத்தருக்காவது புரியும்படி சொல்லிவைக்க வேண்டும்.

அட்டன்_வாசி

இலங்கை மலையகத்திலிருந்து எழுதுறன். எங்கட பக்கம் இதோட மொழிப் பிரச்சினையும் சேர்ந்திருக்கு. ஆஸ்பத்திரி இலவசம், குளிசை (நீங்கள் சொல்ற மாத்திரை) இலவசம், அதில குறை சொல்ல மாட்டன். ஆனால் குளிசை போட்டுத் தாற உறையில சிங்களத்தில எழுதியிருந்தால் தோட்டத்தில வேலை செய்யிற அம்மா அதை எப்படி வாசிப்பா? பக்கத்து லயத்தில (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில) சிங்களம் தெரிஞ்ச பிள்ளையிட்ட கொண்டுபோய்க் காட்டுவா. பெண்களுக்கான வியாதி எண்டால் அதையும் காட்ட மாட்டா, வெட்கத்தில உறையை மடிச்சு வச்சிட்டுப் பேசாமல் இருந்திடுவா. டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில மகன் நிண்டு மொழிபெயர்த்தால் அம்மா தன்ர முழுக் கதையையும் சொல்லவே மாட்டா. கிளினிக்கில ஒரு தமிழ் தெரிஞ்ச பெண் உத்தியோகத்தர் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திடும்.

தாமிரபரணி_மருந்தகம்

அட்டன் நண்பர் சொன்னது இங்கேயும் உண்டு. நம் கட்டட வேலைக்கு வருகிற ஒடிசா, பீகார் ஆட்கள் கடையில் என் முன்னால் நிற்கும்போது அதே நிலைதான். எனக்கு ஹிந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது, விரலைக் காட்டிக் காட்டி அனுப்புகிறேன்.

புது_அப்பா_சேலம்

இவ்வளவு பேர் இருக்கிறீர்கள், ஒரு சந்தேகம் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கு ஒரு வயது, 10 கிலோ. காய்ச்சலுக்கு டாக்டர் டிராப்ஸ் எழுதினார், ஒன்றரை எம்.எல். கொடுக்கச் சொன்னார். அது தீர்ந்துவிட்டது, வீட்டில் அண்ணன் குழந்தையின் சிரப் இருக்கிறது, இரண்டும் பாராசிட்டமால்தானே. அதே ஒன்றரை எம்.எல். கொடுக்கலாமா?

தாமிரபரணி_மருந்தகம்

தம்பி, நல்லவேளை கேட்டீர்கள். மருந்து ஒன்றுதான், அடர்த்தி வேறு. டிராப்ஸில் ஒரு எம்.எல்.லுக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 எம்.எல்.லுக்கு 125 என்று ஒன்று, 250 என்று ஒன்று, இரண்டு வகை வருகிறது. டாக்டர் சொன்ன ஒன்றரை எம்.எல். டிராப்ஸ் என்றால் 150 மில்லிகிராம். அதே அளவு 125 சிரப்பிலிருந்து கிடைக்க 6 எம்.எல். வேண்டும், 250 சிரப் என்றால் 3 எம்.எல். நீங்கள் சிரப்பை ஒன்றரை எம்.எல். கொடுத்தால் காய்ச்சல் இறங்காது, அவ்வளவுதான். ஆனால் இதையே திருப்பி, சிரப்புக்குச் சொன்ன 6 எம்.எல்.லை யாராவது டிராப்ஸ் பாட்டிலிலிருந்து ஊற்றினால் நாலு மடங்கு போய்விடும், ஈரலுக்கே ஆபத்து. பாட்டிலை எடுத்துப் பார்த்து எந்த வகை என்று உறுதி செய்துகொண்டு, உங்கள் டாக்டருக்கு ஒரு போன் போட்டு, இந்த பாட்டிலில் எத்தனை எம்.எல். என்று கேட்டுக் கொடுங்கள். திறந்து எத்தனை நாளானது, காலாவதி தேதி என்ன என்பதையும் பாருங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம், ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு. மூடியோடு வருகிற கப் அல்லது ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

செவிலி_மதுரை

கூடவே ஓ.ஆர்.எஸ். பற்றியும், அதாவது வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி, குழந்தை இருக்கிற வீடு என்பதால். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, முழுசாக ஒரே தடவையில் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடக்கூடாது, உப்பு கூடிவிடும். 200 எம்.எல்.லுக்கான சின்ன பாக்கெட்டும் கிடைக்கிறது, எது என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். கரைத்தது 24 மணி நேரம்தான், அப்புறம் கொட்டிவிடுங்கள்.

புது_அப்பா_சேலம்

ரொம்ப நன்றி அண்ணே, நன்றி சிஸ்டர். பாட்டிலைப் பார்த்தேன், 250 வகைதான், ஆனால் திறந்து பல மாசம் ஆகிறது. கொட்டிவிட்டேன். டாக்டரிடம் பேசிப் புது டிராப்ஸே வாங்கிவிட்டேன்.

ஓபி_டாக்டர்

தாமிரபரணி சார், உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: பொறுப்பு எழுதுகிறவருடையது, அதாவது எங்களுடையது. 2016-லேயே மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தி மருந்தின் மூலப்பெயரை, அதாவது கம்பெனி வைக்கிற பிராண்டு பெயர் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரை, தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டது. மூலப்பெயர் சீட்டில் இருந்திருந்தால் உங்கள் கடைக்கு வந்த அம்மாவுக்கு இரட்டை டோஸ் போயிருக்கிறது என்று ஆரம்பத்திலேயே யாராவது பிடித்திருக்கலாம். ஆனால் தனி ஆளாக எங்களால் முடியாது. மருந்து கொடுக்கிற ஜன்னலில் பேசுவதற்கென்றே ஒரு ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி.க்கு ஆலோசகர் இருக்கிறார், அந்த ஏற்பாடு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று தினமும் பார்க்கிறேன். சுகருக்கும் பி.பி.க்கும் ஏன் அப்படி ஒருவர் கூடாது? நோயாளிகள் நலச் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கோவை_சுந்தரி

ஆள் போடும் வரை காத்திருக்காமல் நாமே ஒரு தாள் செய்யலாமே? வியாதி பெயர், மருந்து மூலப்பெயர், எதற்கு, காலை மதியம் இரவு கட்டம், எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும், கூப்பிட வேண்டிய எண். இவ்வளவுதான். டாக்டர் சரிபார்த்தால் நான் டைப் செய்து தருகிறேன்.

எம்டிஎம்_அக்கா

செய்யுங்கள் அக்கா, ஆனால் எழுத்து பெரிசாக இருக்கட்டும், நான் போகிற வீடுகளில் பாதிப் பேருக்குக் கண்புரை. காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா படம் போடுங்கள். மாத்திரையையே கட்டத்தில் செலோ டேப்பால் ஒட்டிக் காட்ட இடம் விடுங்கள், அதுதான் அவர்களுக்கு உடனே பிடிபடும்.

ஓபி_டாக்டர்

ஒட்டுவது நல்ல யோசனை. மாத்திரையோடு அட்டையின் ஒரு துண்டையும் சேர்த்து வெட்டி ஒட்டுங்கள், மருந்துப் பெயர் தெரியும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அங்கே இருக்கிறவர்களுக்கு உதவும். இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தனித் தாள் வேண்டும், சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி இரண்டையும் வண்ணத்திலேயே அச்சடிக்க வேண்டும். அந்தப் பகுதியை செவிலி சிஸ்டர் எழுதினால் நன்றாக இருக்கும். வரைவு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் தருகிறேன்.